நான் சிரித்தது

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.

அன்புள்ள உங்களுக்கு,

ஹேமா எழுதுவது. அத்தையும் மாமாவும் நலமாக இருக்கிறார்கள். மஸ்கட்டில் வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள். போனில் என் பேச்சு குழறுவதால் அத்தைதான் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். அதனால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் இது முழுக்க என் பேச்சு.

பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. முப்பது வயதில் இது வருமா என்று கேட்காத ஆள் இல்லை. நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனபோது படுக்கையில் கிடந்தேன். இப்போது கம்பை ஊன்றி நடக்கிறேன். ஆனால் தை மாதம் படியில் ஒருமுறை சறுக்கியதிலிருந்து மாடிப்படி கிரில் கதவுக்குப் பூட்டு. சாவி அத்தையின் இடுப்பில். "உனுக்கு எதுனா ஒண்ணுன்னா எம்புள்ளைக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?" என்கிறார்கள். எனக்குச் சோறு பிசைந்து தருவதும் தலை வாரிவிடுவதும் அவர்கள்தான். எப்படிக் கோபப்படுவது? பால்கனியில் உட்கார்ந்து விழுப்புரம் ரோட்டைப் பார்க்கிறேன். நான் ஸ்கூட்டி ஓட்டப் பழக்கிவிட்ட பெண்கள் கீழே போகும்போது ஹாரன் அடிப்பார்கள். நான் நிமிர்ந்து கை காட்டுவதற்குள் போய்விடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை மட்டும் மாமா ஆட்டோவில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிறார். போன வாரம் அங்கே வைத்திக்குப்பத்து மீனவர் மாரியப்பன் வந்திருந்தார். அவருக்கும் என் நோய்தான், பேச்சே வராது. அவர் மனைவி சொர்ணம் அக்கா தள்ளிப்போய் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "அவரு கூடப்பொறந்த அண்ணன் செத்துட்டாருன்னு சொல்றேன், கெக்கேகெக்கேன்னு சிரிக்கிறாரு. அதுலேர்ந்து அவராண்ட பேசவே புடிக்கல" என்றார்.

எனக்கு அது தெரியும். இந்த நோயில் சிலருக்கு அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்துவிடும்; அடக்க முடியாது. உள்ளே அழுதுகொண்டுதான் இருப்போம். குழறிக் குழறி இதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் பெயரைச் சொன்னார். அவர் மறுபடியும் சிரித்தார். அக்கா இந்த முறை அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அதைப் பார்த்த பிசியோ அமுதவல்லி மேடம், "நாங்க சொன்னா நம்ப மாட்டறாங்க, நீ சொன்னா நம்புறாங்க. புதுசா வர்றவங்க வீட்டாளுங்ககிட்ட பேசணும், தெனம் காலையில வர்றியா?" என்று கேட்டார். நோய் வந்த பிறகு என்னிடம் ஒருவர் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை வேண்டாம் என்றுவிட்டார்கள். சாவியைக் கேட்டேன், டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இன்னொன்று. போன மாதம் வீடியோவில், காண்ட்ராக்டை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அவளே சிரிக்கிறா, நீ போடுடா கையெழுத்த" என்றார்கள் அத்தை. நீங்களும் சிரித்துவிட்டு போனை வைத்தீர்கள்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் என்னிடம் மறுபடி ஒருமுறை கேளுங்கள். அத்தை பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். பதில் சொல்ல எனக்கு நேரமாகும், வைத்துவிடாதீர்கள்.

மணக்குள விநாயகர் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஹேமா