சாதனைப் பலகைக்கு எழுத்துப் பற்றாக்குறை

கடல் தாண்டிக் கல்வி கற்கப் போன மகாமேதையும் என் அக்காவின் ஒரே வாரிசுமான மருமகளுக்கு, ஆங்கிலத் துறையைத் தாங்கி நிற்கும் தூண்களில் ஒன்றும், அந்தத் தூண்களிலேயே அதிகமாக விரிசல் விட்டதுமான உன் மாமா எழுதிக்கொள்வது. நலம். நலமறிய ஆவல் என்று ஊரார் எழுதுவார்கள். எனக்கு இருப்பது ஆவல் இல்லை, அரிப்பு.

முதலில் ஃபோன் விஷயம். உன் எண்ணுக்கு அடித்தால் ஒரு பெண்மணி எடுத்து, நீங்கள் அழைக்கும் நபர் தற்போது கிடைக்கவில்லை என்கிறாள். தினமும் பேசிப் பேசி எனக்கும் அவளுக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. கொஞ்ச நாளில் அவள் என்னை மாமா என்று கூப்பிட்டாலும் ஆச்சரியமில்லை. உன் அம்மா மட்டும் அவள் குரல் கேட்டதும் ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுகிறாள். மடித்ததையே பிரித்துத் திரும்பவும் மடிக்கிறாள். அதனால்தான் கடிதம். தபால்காரர் அப்படியெல்லாம் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டார்.

இனி துறைச் செய்தி. தாழ்வாரத்தில் நம் சாதனைப் பலகை ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக் கதவுக்குள் கறுப்புத் துணி, அதில் வரிவரியாகச் செருகிய வெள்ளை பிளாஸ்டிக் ஆங்கில எழுத்துகள். ஆசிரியர், மாணவர், முன்னாள் மாணவர் யார் எதைச் சாதித்தாலும் அதில் ஏறியாக வேண்டும். எழுத்துகள் வாங்கிய கடை நீ பிறக்கும் முன்பே மூடிவிட்டது. ஆகவே புதிதாக ஒருவர் சாதித்தால், பழையவர் ஒருவரின் சாதனையைப் பிடுங்கித்தான் எழுதவேண்டும். நாங்கள் அத்தனை பேரும் வகுப்பில் பிள்ளைகள் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம், ஆனால் பலகையில் போட மட்டும் ஒரு 'ஈ' கிடைப்பதில்லை. மூன்று என்ற எண்ணைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கிறோம்.

இந்தச் சமயத்தில்தான் மதிப்பீட்டுக் குழு வருகிறது. எந்தத் துறையை வைத்துக்கொள்வது, எதை இழுத்து மூடுவது என்று தீர்ப்புச் சொல்லும் குழு. எங்கள் துறைத்தலைவியின் பட்டப்பெயர் இடிமுழக்கம். பேசினால் பக்கத்தில் இருக்கும் எறும்புக்கும் கேட்காது, அதனால் வந்த பெயர். அந்த அம்மையார் எங்களைக் கூட்டிவைத்து, பலகை நிரம்பி வழிய வேண்டும், கண்ணாடி உடைந்தாலும் பரவாயில்லை என்று சொன்னதாக, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பின்னால் எங்களுக்குத் தெரிவித்தார்கள்.

நிரப்புகிறோம். இடிமுழக்கம் சர்வதேச மாநாட்டில் உரையாற்றியது முதல் வரி. அவையில் இருந்தவர்கள் தலைமை தாங்கியவரும் மைக்காரரும் மட்டும்தான் என்பதைப் பலகை சொல்லாது. எங்கள் கவிஞர் புத்தகம் போட்டது அடுத்த வரி. அச்சடித்த பிரதிகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் அடுக்கி அடுக்கி, கட்டில் இப்போது கூரைக்கு ஒரு முழம் கீழே நிற்கிறது. மனிதர் படுக்க ஏணி வைத்து ஏறுகிறார். இறுதியாண்டில் இருக்கும் ஒரே மாணவி கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். போட்டியிட்டவர்கள் இரண்டே பேர். நான் மட்டும் என்ன சும்மாவா? படிக்கட்டில் உருண்டு விழுந்தபோதும் இலக்கணம் பிசகாமல் அலறினேன். அதைப் போட இடமில்லை என்றுவிட்டார்கள். பொறாமை.

பலகையின் உச்சியில் நீ இருக்கிறாய். பல்கலைக்கழகத்தில் முதலிடம், வெளிநாட்டில் ஆய்வுக்கு உதவித்தொகை. நீண்ட வரி, எழுத்துகளைக் கொள்ளை கொள்ளையாக விழுங்கிய வரி. கவிஞருக்கு அதன்மேல் ஒரு கண். அது பழைய செய்தி ஆயிற்றே, பட்டம் வாங்கிவிட்டாளா, வேலை கிடைத்துவிட்டதா, புதிதாக ஏதாவது உண்டா என்று நச்சரிக்கிறார். உன் வரியில் கை வைத்தால் அவர் கட்டிலுக்கு அடியில் கற்பூரம் கொளுத்தி வைப்பேன் என்று எச்சரித்திருக்கிறேன்.

ஆகையால் மகாமேதையே, புதுச் சாதனை ஒன்றை உடனே அனுப்பி வை. கடுகளவு இருந்தால் போதும், அதை மலையாக்குவது என் பொறுப்பு. அம்மாவுக்கும் காட்டவேண்டும். இங்கே குளிர் இல்லை. அங்கே இருக்கும் என்று அவள் ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறாள். கை நீளம் சரியாகத் தெரியாமல் நீட்டிக்கொண்டே போகிறாள். இந்த வேகத்தில் போனால் கை முதலில் அங்கே வந்து சேரும்.

சீரும் சிறப்புமாக இரு. பதில் போடு.

இப்படிக்கு,
உருண்டு விழுந்தும் உடையாத உன் மாமா

*

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

பதில் வரவில்லை. தபால்காரரைப் பார்த்தாலே நான் எழுந்து நிற்கிறேன் என்பதால், அந்த மனிதர் இப்போது எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார். முந்தைய கடிதம் கிடைத்ததா, இந்த முகவரியில்தான் இன்னும் இருக்கிறாயா, ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, எழுதுவதற்கு என்ன தடை? கேட்பவர் இல்லாமல் பேசுவதில் எங்கள் துறைக்கு உள்ள அனுபவம் உலகத்தில் வேறு யாருக்கு உண்டு?

குழு வந்து போயிற்று. மூவர் வந்தார்கள். தலைவர் பொருளாதாரப் பேராசிரியர், சாந்தமான மனிதர். பலகைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். ஒரு வரி விடாமல் படித்தார். திருப்பிப் போட்ட மூன்றுகளையும் சேர்த்தே படித்தார். எங்கள் இடிமுழக்கம் பூரித்துப் போய், கவிஞர் காதில் ஏதோ சொன்னார். கவிஞருக்குக் கேட்கவில்லை, இருந்தாலும் தலையாட்டினார். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். எனக்கு மீசை கிடையாது என்பது உனக்குத் தெரியும், அந்த நேரத்தில் முளைத்தது.

அந்த மனிதர் எங்களைத் திரும்பிப் பார்த்து, மனதாரப் பாராட்டும் குரலில் சொன்னார்: "எவ்வளவு பெரிய ஆளுங்க எல்லாரும். உங்களப் பத்தி நாங்க கவலப்படவே வேணாம் சார். நீங்க எங்க போனாலும் பொழச்சுக்குவீங்க."

அவ்வளவுதான். கணிதத் துறைக்காரர்கள் பழைய நாற்காலிகளையும் ஒழுகும் கூரையையும் காட்டி, ஒரு குரல் அழுது வைத்தார்கள். அவர்கள் பிழைத்தார்கள். நாங்கள் இல்லாத வலிமையை எல்லாம் எழுத்து எழுத்தாகச் செருகிக் காட்டி, எங்கள் கழுத்தில் நாங்களே கயிற்றை மாட்டிக்கொண்டோம். இலக்கியம் படித்தவர்களுக்குத்தான் இந்தக் கெட்டிக்காரத்தனம் வரும். இந்தப் பருவத்தோடு துறை மூடப்படுகிறது. இடிமுழக்கம் பொறியியல் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் பேசுவது எப்படி என்று பாடம் எடுக்கப் போகிறார், உண்மையாகத்தான் சொல்கிறேன். கவிஞர் ஓய்வு வாங்கிக்கொண்டார். எனக்குத் தேர்வு அலுவலகத்தில் ஒரு மூலை, அறிவிப்புகளில் பிழை திருத்த வேண்டும். ஒரே மாணவி தபாலில் படித்து முடித்துக்கொள்ளலாமாம். அவள் தாழ்வாரத்தில் நின்று அழுதாள். ஒரு நகைச்சுவை சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே இருந்தது, ஒன்றும் வரவில்லை.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

பலகையைக் கடைசியாகப் பார்க்க முன்னாள் மாணவன் ஒருவன் வந்தான். உன் வகுப்புத் தூங்குமூஞ்சி. இப்போது காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய வேலை, நன்றாகவே முழித்துக்கொண்டிருக்கிறான். வேலை விஷயமாக நீ இருக்கும் ஊருக்கு வந்திருந்தானாம். ஒரு பெரிய கடையில், சீருடை போட்டுக்கொண்டு, பெட்டிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த பெண் அச்சாக உன்னைப் போலவே இருந்தாளாம். கூப்பிட்டிருக்கிறான். அவள் திரும்பாமல் உள்ளே போய்விட்டாளாம். ரொம்ப மெலிந்திருந்தாள் சார் என்றான். ஒரே முகத்தில் உலகத்தில் ஏழு பேர் உண்டு, அதில் ஒருத்தியாக இருக்கும் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன்.

அம்மா விடுவாளா? வந்தவன் என்ன சொன்னான் என்று கேட்டாள். ஆகா, உன் பெண் ஒரு மாபெரும் வணிக மாளிகையையே தன் இரு கைகளால் தாங்கிக்கொண்டிருக்கிறாள் அக்கா என்று நான் ஆரம்பித்தேன். பின்னிக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அளந்த கதைகளை எல்லாம் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அல்லவா, எந்த இடத்தில் காற்று ஊதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். கோபப்படவில்லை. "அதெல்லாம் சரிடா. அவ சாப்பிட்டாளான்னு கேட்டானா?" என்றாள்.

நீ போனதிலிருந்து இந்த வீட்டில் யார் விசாரித்தாலும், அவளுக்கென்ன, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். அந்தப் பேராசிரியர் தாழ்வாரத்தில் நின்று எங்களிடம் சொன்னதும் அதே வார்த்தை. தீர்ப்பை அவ்வளவு மரியாதையாகவும் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன வாரம் பலகையைக் கழற்றினார்கள். அதற்கு முன் எழுத்துகளைப் பிடுங்கி டப்பாவில் போடும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். உன் வரியைக் கடைசியாக எடுத்தேன். முதலிடம், உதவித்தொகை எல்லாம் டப்பாவுக்குப் போய்விட்டன. பெயரை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நடந்தால் கலகலவென்று சத்தம் போடுகிறது. தேர்வு அலுவலகத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

ஆகவே முன்பு கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சாதனை எதுவும் அனுப்ப வேண்டாம். போடப் பலகை இல்லை, காட்டத் துறை இல்லை, ஊதிப் பெரிதாக்க எனக்கும் மூச்சு இல்லை. அந்தப் பெண் நீதானா என்று கேட்கமாட்டேன். படிப்பு என்ன ஆயிற்று என்றும் கேட்கமாட்டேன். வருவதாக இருந்தால் வா. உன் அறையில் இப்போது மடித்த துணிகள்தான் இருக்கின்றன, நகர்த்திவிடலாம். வர முடியாதென்றால் அம்மாவுக்கு ஒரே ஒரு ஃபோன் செய். பெரிதாக ஒன்றும் பேசவேண்டாம். சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை, போதும். மேசைமேல் அந்த டப்பா எழுத்துகளைப் பரப்பி, உன் பெயருக்குப் பக்கத்தில் அதை மட்டும் எழுதி வைத்துக்கொள்வேன். எழுத்து பற்றாது. திருப்பிப் போட்டாவது எழுதுவேன்.

சட்டையைத் தனியாக அனுப்பியிருக்கிறாள். கை நீளமாகத்தான் இருக்கும். மடித்துப் போட்டுக்கொள், கண்ணே.

மாமா