ராசு எடுத்த பவர் சப்ளை

நாமகிரிப்பேட்டை,
11-6-1989, ஞாயிறு.

அன்பு மகள் வசந்தாமணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சிங்கப்பூரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கு வைக்கும்போது சொல்லிக்கொள்கிறாள். முதலில் நீ அறிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி ராசு இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறான். இதைச் சொன்னவர் செங்கோட்டையன், ரிக் வண்டிகளுக்குப் பைப்பும் துளை போடும் பிட்டும் ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டில் ரிக் ஆபீஸ் வாசலில் அவரை நேரில் கண்டு பேசினேன். இம்மாதம் 2-ம் தேதி ராசுவைக் கண்ணால் பார்த்து, கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இளைத்திருக்கிறான், முடியை ஒட்ட வெட்டியிருக்கிறான், காயம் எதுவும் இல்லை. ஒரே கேள்வியை இரண்டு முறை மாற்றி மாற்றிக் கேட்டேன், இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது.

அவன் வீட்டை விட்டுப் போன இந்த முப்பத்து மூன்று நாளில் வந்த தகவல்களுக்குக் குறைவில்லை. கோயமுத்தூரில் ஒரு மில் வாசலில் பார்த்ததாக ஒருவர், பெங்களூரில் பஸ்ஸில் பார்த்ததாக ஒருவர், விசாரித்தால் இருவரும் தாங்களே பார்த்தவர்கள் அல்ல, இன்னொருவர் பார்த்ததாகக் கேள்விப்பட்டவர்கள். அதனால்தான் அவற்றை உனக்கு எழுதாமல் இருந்தேன். முப்பத்தொரு வருடம் சேலம் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவனுக்கு இதுகூடத் தெரியாதா. ஆனால் உனக்கு எழுதாமல் விட்டது இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கம்ப்யூட்டர் செய்ய ராசு எப்படிப் பட்டியல் போட்டான் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். டிப்ளமா முடித்து இரண்டு வருடம் வேலை கிடைக்காமல் இருந்தவன், ராசிபுரத்தில் ஓர் அறை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஒரு சாமானுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினான். ஹார்ட் டிஸ்க் வேண்டுமா, இரண்டு பிளாப்பி டிரைவ் போதுமா என்று மட்டும் பத்து நாள் யோசித்தான். சேலம் ஜங்ஷனில் ரயிலேறி நான்கு முறை மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போய் கடை கடையாக விசாரித்து, வாங்காமலேயே திரும்பி வந்து நோட்டில் அடித்துத் திருத்துவான். திரையில் எழுத்து பச்சையா மஞ்சளா என்று வந்தபோது அம்மாவைக் கேட்டான். மஞ்சளே எடு சாமி, நம்மூட்டுக் கெழங்கு நெறம் என்றாள், அதையே எடுத்தான். முதலில் வந்தது வெறும் பெட்டி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் உன் மாமா சின்னண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஏன்டா மாப்ள, நாங்க சேஸ் எடுத்துட்டுத்தான் அதும்மேல பாடி கட்டுவோம், நீ பாடியெ வாங்கி வெச்சுக்கிட்டு சேஸுக்கு சிங்கப்பூருக்கு எழுதறயே என்று கேட்டு வீடே சிரித்தது. நீ அனுப்பிய மதர்போர்டு வந்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையை மட்டும் வெளிநாட்டுச் சாமானாக வாங்கு என்று நீ எழுதியிருந்தாய். அவன் இரண்டையும் கடையில் திறந்து பார்த்து, உள்ளூரில் செய்ததை எடுத்தான். காரணத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறான், அப்போது நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. ஸ்டெபிலைசர் அடுத்த முறை வாங்கலாம் என்று சொன்னவன் நான்தான்.

ஏப்ரல் 9-ம் தேதி பெட்டி ஓடியது. ஒன்பது நாள் ஓடியது. 18-ம் தேதி மத்தியானம் இரண்டேகால் மணிக்கு, ஒரு பிளாப்பியிலிருந்து இன்னொன்றுக்கு ஏதோ பதிவாகட்டும் என்று விட்டுவிட்டுக் கிணற்றுக்குக் குளிக்கப் போனான். வெயில் தாங்கவில்லை, வோல்டேஜ் இறங்கி விசிறி இறக்கையை எண்ணிவிடுகிற மாதிரி மெல்லச் சுற்றியது. நம் வீட்டுக்கு வருவது கிணற்று மோட்டாருக்கான மூன்று லைன் என்பது உனக்குத் தெரியும். ஒரு லைனில் கரண்ட் குறைந்தால் மெயின் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி அடுத்த லைனுக்கு மாற்றிக்கொள்வது தோட்டத்தில் குடியிருக்கிற எல்லோரும் செய்வதுதான், நானும் வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன். அன்றைக்குக் கண்ணாடி போடாமல் கை வைத்தேன். நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு லைனைக் கொடுத்துவிட்டேன், இரண்டு லைன் கரண்டும் சேர்ந்து வீட்டுக்குள் ஏறிவிட்டது. கூடத்துப் பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்து வெடித்தது. உடனே கட்டையைப் பிடுங்கிப் பழையபடி மாட்டினேன், ஒரு நிமிடம் இருக்கும். அதற்குள் ராசுவின் மேசையிலிருந்து புகை வந்துவிட்டது. அவன் ஈரத்தலையோடு ஓடி வந்து, ஏனுங்கப்பா, கரண்ட் எதாச்சும் ஏறுச்சுங்களா என்று கேட்டான். எனக்குத் தெரியலையே என்றேன். அவன் வருவதற்குள் கூடத்தில் புதுப் பல்பு மாட்டியிருந்தேன். விசிறி சுற்றவில்லை என்பதற்காக நடந்த காரியம் இது கண்ணு, வேறு காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் உனக்கு எழுதும்போது பவர் சப்ளை எரிந்துவிட்டது, கம்ப்யூட்டர் போய்விட்டது என்று எழுதினேன். யாரால் என்று எழுதவில்லை. உன் பதில் மே 6-ம் தேதி வந்தது. பத்துத் தடவை சொன்னேன் கேட்டாயா, இனி எதையும் நீயாகப் பார்த்து எடுக்காதே என்று அவனுக்குத் தனித்தாளில் எழுதியிருந்தாய். உன்மேல் குற்றமில்லை, நான் தந்த தகவலை வைத்து நீ எழுதினாய். அவன் அதைப் படித்து மடித்து நோட்டுக்குள் வைத்தான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. 9-ம் தேதி காலையில், திருச்செங்கோடு வரைக்கும் போய்ட்டு வாரேம்மா என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். செங்கோட்டையன் அவனிடம், ஊட்டுக்கு ஒரு வரி எழுதுடா என்றிருக்கிறார். நானாப் பாத்து எடுத்தது ஒண்ணும் சரியா வாரதில்லீங்கண்ணா, இங்க அவங்க கேக்கற பைப்பை எடுத்துக் குடுத்தாப் போதுங்க என்றானாம்.

அன்று நான் பியூஸ் கட்டையை மாற்றியதை அம்மா அடுப்படியிலிருந்து பார்த்திருக்கிறாள். அவன் போய் இருபது நாள் கழித்து ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, ஊரெல்லாம் நடந்ததெ எழுதறீங்களே, நம்மூட்டுல நடந்ததெ எழுத மாட்டீங்களா என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவன் மேசையைத் தினமும் துடைத்து, திரைமேல் அவன் துண்டைப் போட்டு மூடுகிறாள். மெயின் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அவளே வைத்திருக்கிறாள்.

போன ஞாயிறு, 4-ம் தேதி, பெட்டியையும் திரையையும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் வைத்துச் சூரமங்கலம் கொண்டுபோனேன். அங்கே ரயில்வேயில் டெலிபோன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஆண்டி என்பவர் வீட்டிலேயே ரிப்பேர் பார்க்கிறார். மூன்று மணி நேரம் பார்த்தார். பின்பக்கத்தில் வோல்டேஜை மாற்றும் சிவப்பு சுவிட்சு 230-ல் சரியாக இருந்தது, கை பட்டு நகராமல் இருக்க ராசு அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறான். பவர் சப்ளைக்குள் சில்லறைக் காசு அளவில் ஒரு நீல வில்லை வெடித்திருந்தது. அதிகக் கரண்ட் வந்தால் முதலில் தானே வெடித்து மற்றதைக் காப்பாற்றுகிற பாகமாம், ராசு நோட்டில் எழுதிய காரணமும் அதுதான். வேறு பவர் சப்ளை கொடுத்துப் பார்த்தார். நீ அனுப்பிய மதர்போர்டு உயிரோடு இருக்கிறது, திரையில் மஞ்சள் எழுத்தில் மெமரியை 640 வரை எண்ணி நின்றது. பிளாப்பி டிரைவில் ஒன்றுதான் போய்விட்டது. இதெ எடுத்தவரு வெவரமான ஆளுங்க, வேற எடுத்திருந்தா எல்லாமே கரிக்கட்டைங்க என்றார். பிறகு, நானூறு வோல்ட் ஊட்டுக்குள்ள எப்படீங்க வந்துச்சு என்று கேட்டார். அங்கேதான் முதன்முதலாகச் சொன்னேன். அவர் ஸ்குரூவை முடுக்கிக்கொண்டே, பையன்கிட்டச் சொல்லீட்டீங்களா என்று மட்டும் கேட்டார்.

இப்போது சொல்லிவிட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் இரண்டு பக்கம் அவனுக்கு எழுதி, ஆண்டி தான் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த அரைத்தாளையும், தீப்பெட்டியில் வைத்து அந்த வெடித்த நீல வில்லையையும் செங்கோட்டையனிடம் கொடுத்திருக்கிறேன். வா என்று எழுதவில்லை, கூப்பிடும் யோக்கியதை எனக்கு இப்போதைக்கு இல்லை. நீயும் ஒரு வரி எழுது, ரிக் ஆபீஸ் விலாசம் கீழே தருகிறேன். சமாதானம் எதுவும் எழுத வேண்டாம், புது பிளாப்பி டிரைவ் எதை அனுப்பட்டும் என்று மட்டும் கேள். ஆண்டி தானே ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதை ராசுதான் பார்த்து எடுக்க வேண்டும்.

மஞ்சள் நட்டாகிவிட்டது, மழை இன்னும் இறங்கவில்லை. செவலை மாடு கிடாரி ஈன்றது. குழந்தைக்குச் சளி பிடித்தால் தலைக்கு ஊற்றாதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள், மூன்று மாதமாக உன் போட்டோ வரவில்லை என்பதையும் ஞாபகப்படுத்தச் சொல்கிறாள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ எங்கள் ஆசி.

செங்கோட்டையன் வருகிற புதன் 14-ம் தேதி வண்டி எடுக்கிறார். 19-ம் தேதி வாக்கில் ராசு கையில் தீப்பெட்டி சேர வேண்டும். 28-ம் தேதி வண்டி திருச்செங்கோடு திரும்பும் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள், அன்று காலையிலிருந்து நானும் அம்மாவும் அங்கே இருப்போம். கடிதம் வருமா, ஆள் வருவானா, இரண்டும் இல்லாமல் வண்டி மட்டும் வருமா என்பது இன்றைய தேதியில் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா,
சுப்பையன்.

ராசுவுக்கு எழுத: மேற்படி ராசு, செங்கோட்டையன் பார்வைக்கு, ரிக் ஆபீஸ், திருச்செங்கோடு.