பிறந்த வீட்டுக் கோடி

கிணத்துக்கடவு
3 மார்ச் 2024

போத்தனூர் மச்சான் யோபுதாஸ் அவர்களுக்கு, ஈசாக்கு சொல்லச் சொல்லப் பக்கத்துத் தோட்டத்து மயில்சாமி எழுதுவது.

பழைய ஐநூறு ரூபாய் நோட்டு செல்லாதென்று பேங்க் வாசலில் எல்லோரும் வரிசையில் நின்ற வருஷம். அந்த நவம்பரில்தான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம். நீங்களும் வந்திருந்தீர்கள். வாடல் நோய் பிடித்த தோப்பில் தேறின தேங்காயைப் பொறுக்கிக் காணிக்கை வைத்தேன். நீங்கள் எழுந்து, "ஏனுங்க மாப்ளே, கர்த்தருக்குக் கொட்டப்பாக்கா குடுக்கறீங்க?" என்றீர்கள். சபையே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அன்று முதல் நான் திருவிருந்து எடுப்பதில்லை. பகையை வைத்துக்கொண்டு அப்பம் வாங்கக் கூடாதல்லவா? நீங்கள் வந்து மன்னிப்புக் கேட்டபின் வாங்கலாம் என்று, மற்றவர்கள் பீடத்துக்குப் போகும்போது நான் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

போன வாரம் போதகர் ஐயா மறித்தார். "தாத்தா, உங்களுக்கு அவரு மேல குறை இருந்தான்னு வேதத்துல சொல்லலீங்க. அவருக்கு உங்க மேல குறை இருந்தா, நீங்கதான் எந்திரிச்சுப் போகோணும்."

இத்தனை வருஷமாக அதை எனக்குத் தோதாகத் திருப்பி வைத்திருந்திருக்கிறேன். சாவதற்குள் ஒரு ஈஸ்டருக்காவது அப்பம் வாங்க ஆசை. அதனால் கேட்கிறேன். உங்களுக்கு என் பேரில் குறை உண்டுங்களா?

இன்னும் கொஞ்சம் கோபத்தோடு,
ஈசாக்கு (கைநாட்டு)

போத்தனூர்
9 மார்ச் 2024

மாப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம்.

மச்சானுக்குக் கேலி பேச உரிமை உண்டென்று வாயை விட்டேன். தப்புத்தான், மன்னியுங்கள். மறுவாரமே அதைச் சொல்ல வந்தேன். "நான் ஊட்டுல இல்லைன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்து நீங்களே கத்தினீர்கள். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அது குறையில்லை.

குறை வேறு. கொரோனாவுக்கு முந்தின வருஷம் என் தங்கை சாந்தாமணி, உங்கள் வீட்டுக்காரி, கர்த்தருக்குள் போனாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தேன். அண்ணன் கோடி போட்ட பிறகுதானே பெட்டியை மூடுவார்கள்? நான் வாசலுக்கு வருவதற்குள் ஆணி அடித்தாயிற்று. அந்தச் சேலை என் பீரோவில் இருக்கிறது. பீரோவைத் திறக்கிறபோதெல்லாம் உங்கள் மேல் கோபம் வருகிறது.

கேட்டதால் சொன்னேன்.
யோபுதாஸ்

கிணத்துக்கடவு
14 மார்ச் 2024

மச்சானுக்கு,

மயில்சாமி உங்கள் கடிதத்தை வாசித்ததும், "நேரங்கழிச்சு வந்துபோட்டு எம்மேல பழியா?" என்று சத்தம் போட்டேன். "ஏனுங்க, இதையும் எழுதோணுங்களா?" என்றார். பேனாவை மூடச் சொல்லிவிட்டேன்.

முழங்கால் மடங்கவில்லை. கட்டிலைப் பிடித்து நின்றபடியே ஜெபித்தேன். ஆண்டவரிடம் என் ஞாயத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே வெட்கமாகிவிட்டது. நீங்கள் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடச் சொன்னேன், மச்சான். உங்களைத் தண்டிப்பதாக நினைத்தேன். அவளுக்குச் சேரவேண்டியதைத் தடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி வாரேன். உங்கள் வீட்டார் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். மனமிருந்தால் ஈஸ்டருக்குக் கோடியோடு வாருங்கள்.

ஈசாக்கு (கைநாட்டு)

கிணத்துக்கடவு
3 ஏப்ரல் 2024

அன்பு மச்சானுக்கு ஈசாக்கு சொல்வது,

நீங்கள் பத்திரமாக ஊர் சேர்ந்ததாகப் போன் வந்தது. சந்தோஷம்.

ஈஸ்டர் திருவிருந்தில் நான் கிண்ணத்தை வாங்கும்போது, "சிந்திப் போடாதீங்க மாப்ளே" என்று காதைக் கடித்தீர்கள். போதகர் முறைத்தார். எனக்குக் கோபமே வரவில்லை. சிரிப்பை அடக்கத்தான் பாடுபட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு தோசை அதிகமாகவே தின்றேன்.

அன்று விடிகாலையில் கல்லறைமேல் கோடியை விரித்தபோது, "பாப்பு, அண்ணன் வந்துட்டேன்" என்றீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அவள் சாந்தாமணிதான். சின்னப் பிள்ளையில் அவளுக்கு அப்படியொரு பேர் இருந்ததை மறந்தே போயிருந்தேன். அடிக்கடி வந்து போங்கள். அவள் எப்படி இருந்தாள், என்ன பேசினாள், எல்லாம் சொல்லுங்கள், கேட்கிறேன். பாப்பு என்று கூப்பிட்ட உங்கள் அம்மா இல்லை. அப்பா இல்லை. வால்பாறைச் சித்தியும் போன மாசியில் போய்விட்டார். அவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட இன்றைக்கு உயிரோடு இருப்பவர் யோபுதாஸ் மச்சான் ஒருவர்தான்.