கேசட்டில் மிஞ்சிய கைதட்டல்

20-7-1991, சனி இரவு.

நான் சொல்லச் சொல்ல மருமகள் மேரி எழுதுகிறாள்.

இன்று பூந்தமல்லி கேசட் கடையில் ஒன்பது புதுப் பாட்டுகளை முதல் அடி பாடிக் காட்டிப் பதியச் சொன்னேன். எனக்குப் பட்டியல் எழுதத் தெரியாது. வீட்டிலிருந்து கொண்டுபோன கேசட்டைக் கடைக்காரர் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா, மேல ஏதோ எழுதிக் கீதே. அழிச்சிடவா?”

“பழைய பாட்டுதாம்பா. அழிச்சிடு.”

சாயங்காலம் போட்டுக் கேட்டேன். புதுப் பாட்டெல்லாம் முடிந்த பிறகு மாதா கோயில் திருவிழாக் கூட்டம் கைதட்டியது. “ஆரோக்கியம், இன்னொரு பாட்டு பாடு மாமே” என்று யாரோ கத்தினார்கள். அதோடு நாடா முடிந்துவிட்டது. செத்துப்போன என் மகன், இவள் புருஷன், பாடிய கச்சேரி அது. அவன் குரல் வேறு எதிலும் இல்லை. நான்தான் அழித்தேன்.

ஏம்மா மேரி, நிறுத்திட்டே? எழுது.