இருபது ராத்தல்

4 ஜூன் 1963

மைத்துனன் தனசிங் சப்-இன்ஸ்பெக்டர் செலக்ஷனுக்கு மனு போட்டுவிட்டான். ரத்தினபாய்க்குக் காலையிலிருந்து அதே பேச்சு. தம்பி உயரம், தம்பி மார்பு, தம்பி மீசை. நானும் ஒரு காலத்தில் அதே செலக்ஷனுக்கு ரெண்டு தடவை போனவன்தான். ரெண்டு தடவையும் ஓட்டத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். "இவரை மாதிரி பாதியில உட்கார்ந்துடாதடா" என்றாள், அவனுக்கு இட்லி வைத்துக்கொண்டே. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

8 ஜூன்

மூர் மார்க்கெட்டிலிருந்து பழைய மிலிட்டரி தேகப்பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தான். இங்கிலீஷ் அவனுக்கு மட்டு. "படிச்சுச் சொல்லுங்க அத்தான்." சொன்னேன். மணல் அடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு தினம் ஓட வேண்டும். பிறகு கழற்றிவிட்டு ஓடினால் உடம்பு பஞ்சாகப் பறக்குமாம். எவ்வளவு மணல்? இருபது.

15 ஜூன்

டெய்லர் பாட்சா கூடாரத் துணியில் தைத்துக் கொடுத்தார். முன்னும் பின்னும் பன்னிரண்டு பை. மணலை அப்துல் கஃபார் விறகுக் கடையில் நிறுத்தோம். "இருபதா சார்?" என்றார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இருபதுதான் பாய் என்று ஓடினேன்.

18 ஜூன்

புத்தகத்தை மறுபடி புரட்டினேன். இருபது பவுண்டு. அதாவது இருபது ராத்தல். கஃபார் கடையில் ராத்தல் கல்லைப் போன வருஷமே தூக்கிப் போட்டாயிற்று. இப்போது எல்லாம் கிலோ. இருபது கிலோ என்றால் நாற்பத்து நாலு ராத்தல். பாவி, மூன்று நாளாக அதைச் சுமந்து ஓடுகிறான். சாயங்காலம் சொல்லிவிட வேண்டும்.

19 ஜூன்

சொல்லவில்லை.

2 ஜூலை

ராஜகீழ்ப்பாக்கம் வரை ஓடித் திரும்புகிறான். தோளில் வார் அறுத்த இடத்தில் ரத்தம். ரத்தினபாய் தேங்காய் எண்ணெய் தடவுகிறாள். ஒரு வாரம் கொஞ்சம் மணலைக் குறைக்கலாமா என்று என்னைக் கேட்டான். "புத்தகம் எழுதினவன் முட்டாளா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு நன்றாக இருந்தது. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவேன் — நன்றாகத்தான் இருந்தது.

11 ஆகஸ்ட்

வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. படி இறங்க முடியவில்லை. இன்றைக்குச் சொன்னால், இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கலைன்னு ரத்தினபாய் கேப்பா. என்னத்தைச் சொல்றது? நானா அவன் காலை ஒடிச்சேன்? வலிச்சா நிறுத்த வேண்டியதுதானே. யார் பிடிச்சு வச்சாங்க?

20 செப்டம்பர்

செலக்ஷன். கயிறு ஏறினான், தாண்டினான். ஓட்டத்தில் ரெண்டாவது சுற்றில் முழங்கால் மடங்கி விழுந்தான். வேலிக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் எழுந்து ஓடு, எழுந்து ஓடு என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். கையை ஊன்றித் தவழ்ந்து பார்த்தான். முடியவில்லை.

24 செப்டம்பர்

முழங்காலில் சவ்வு கிழிந்துவிட்டதாம். நடக்கலாம், தடியோடு. ஓட்டம் இனி கிடையாது என்றார் டாக்டர். ரத்தினபாய் ராத்திரி எனக்கு முதலில் சோறு போட்டாள். "நீங்க பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சே" என்று அழுதாள். சாப்பிட்டேன்.

13 அக்டோபர்

தாங்கவில்லை. அவன் தனியாக இருக்கும்போது போய் உட்கார்ந்து, அந்த மணல் கணக்கு, ராத்தல், என்று ஆரம்பித்தேன். அவன் என்னை முடிக்க விடவில்லை.

"தெரியும் அத்தான். கஃபார் பாய் முதல் வாரமே புத்தகத்தைப் பார்த்துட்டு, இது ராத்தல் கணக்குன்னு சொன்னாரு. அத்தான் காரணமில்லாம கூட்டியிருக்க மாட்டாங்கன்னு நான்தான் பேசாம போட்டுக்கிட்டேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம், உன் நல்லதுக்குத்தான் கூட்டினேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, நான்தான் உங்க பேரைக் கெடுத்துட்டேன் என்று அழுதான். அடப்பாவி. நான் அவனைத் தேற்றினேன்.

10 நவம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் கூப்பிட்டார். கிறிஸ்துமஸ் விளையாட்டுப் போட்டிக்குச் சபை வாலிபர்களை நான்தான் பழக்க வேண்டுமாம். தனசிங் என்னைப் பற்றி ரொம்ப உயர்வாகச் சொன்னானாம். ஆறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பாட்சா துணி வெட்டிவிட்டார். ஒவ்வொரு சட்டைக்கும் மணல் எவ்வளவு சார் என்று ஒருவன் கேட்டான். நான் வாயெடுப்பதற்குள் தனசிங் தடியை ஊன்றி முன்னால் வந்து, இருபது கிலோ, ஒரு பிடி குறையக் கூடாது, அத்தானோட கணக்கு அது என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரத்தினபாயும் பார்த்தாள், அத்தனை பெருமையாக.

தலையை ஆட்டினேன்.