கறுவலுக்கு ஒரு கழுத்துப்பட்டை

பேரன்பிற்குரிய அம்மாவுக்கு,

ஒடென்சேயிலிருந்து மகன் பணிந்து எழுதுவது. முழங்கால் நோவு தணிந்ததா? நான் நலமே, சினந்தான் தணியவில்லை.

இங்கே நம் நாய் கறுவல் வேலியில்லா முற்றத்தைத் தாண்டி அயலவரின் கோழிகளைத் துரத்துகிறது. மீண்டும் வந்தால் அவர் காவல்துறையில் முறையிட்டு நாயையே அகற்றுவிப்பாராம். செயற்கைக்கோள் வழியே எல்லை வகுத்து, கடந்தால் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை உடன் பணிபுரியும் சிந்துஜன் பரிந்துரைத்தான்.

“மெல்லிய கரண்டுதான் அண்ணை, ஒண்டும் செய்யாது.”

“அப்ப முதல்ல உன்ர கழுத்தில கட்டிப் பாப்பம், வாடா!”

கண்ணுக்குப் புலப்படாத கோட்டைக் கடந்ததற்காக வாயில்லா உயிரை வதைப்பதா? எந்த அறம் இதை ஏற்கும்?

அதற்குப் பதிலாக, எல்லையைக் கடந்தால் நாம் பதிந்த குரலை ஒலிக்கும் பட்டையையே வாங்கினேன். அதில் பதிந்த என் முழக்கத்துக்குக் கறுவல் வாலைக்கூட ஆட்டவில்லை. கோடையில் இங்கு வந்திருந்தபோது தாங்கள் அழைத்தால் மட்டுந்தானே ஓடிவந்தது! “இஞ்ச வா ராசா, சாப்பிடுவம்” என்று கைபேசியில் பதிவுசெய்து இன்றே அனுப்புங்கள். சற்று நீளமாகவே பேசுங்கள். கேட்பதற்கு நானும் இருக்கிறேன்.

வேலைக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது.

மகன்,
சுபாங்கன்