கட்டுக்குள் இருந்த கால்

இன்று காலை பக்கத்து வீட்டு மருமகள் கையில் புத்தூர் கட்டோடு வந்து நின்றாள். பச்சிலையும் முட்டை வெள்ளையும் கலந்த அந்த வாடை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. "எப்டிம்மா வுழுந்தே?" என்று கேட்டேனே தவிர, அவள் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. என்னங்க, உங்கள் கால்தான் கண்முன் நின்றது.

நம் ஊர் ஆந்திராவோடு இருக்குமா, சென்னை ராஜ்யத்தோடு சேருமா என்று எல்லாரும் அடித்துக்கொண்ட காலம் அது. சாலை வளைவில் மறியலுக்காக யாரோ கல்லை உருட்டிப் போட்டிருந்தார்கள். நாராயணவனத்தில் ஜெபம் முடித்துச் சைக்கிளில் வந்த நீங்கள் அதில் மோதி விழுந்தீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. பஸ் ஓடவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? மாட்டு வண்டியில் புத்தூருக்குக் கொண்டுபோனோம். மூங்கில் தப்பை வைத்துக் கட்டியவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நான் சொல்ற வரைக்கும் அவுக்கக் கூடாது. நடுவுல அவுத்துப் பாத்தா கூடுற எலும்பும் கூடாது."

நீங்கள் சபைக்கு உபதேசியார். ஊர் ஊராகப் போய் ஜெபிப்பதுதான் நம் பிழைப்பு. கால் போனால் எல்லாம் போச்சு. தினமும் உங்கள் கால்விரலைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நான் செத்துக்கொண்டிருந்தேன். "உள்ள இன்னா ஆவுதோ" என்று புலம்பினால், "அது பாட்டுக்குக் கூடிக்கினு இருக்குது, வுடு" என்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் அந்த ஊழியக்காரர் வந்தார். ரேணிகுண்டா கூட்டங்களில் பலரைக் குணமாக்கியவர் என்று பேர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்குள் நுழைந்தார். உங்கள் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு, "கர்த்தர் சொஸ்தமாக்கிட்டார். கட்டை அவுத்துட்டு எழுந்து நடங்க. இன்னும் இதை வச்சுக்கினு இருக்கறது அவிசுவாசம்" என்றார்.

எல்லார் கண்ணும் கட்டின் மேல். மறுத்தால், விசுவாசத்தைப் பிரசங்கிக்கிற ஆளுக்கே விசுவாசம் இல்லை என்பார்கள். அப்புறம் சபையில் உங்களை யார் நிற்க விடுவார்கள்? அவிழ்த்தால் கால் போய்விடும். மூப்பர் ஒருவர் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். நான் உங்கள் காலுக்கும் அவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் நிதானமாகத்தான் கேட்டீர்கள். "ஐயா, பாக்காம நம்புறதுதானே விசுவாசம்? உள்ள கர்த்தர் எலும்பைக் கூட்டிக்கினு இருக்காருன்னு நான் பாக்காமயே நம்புறேன். அவுத்துப் பாக்கணும்னு கேக்கறது நீங்கதானே?"

அவர் முகம் கறுத்துப்போனது. வேதாகமத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். அவர் பின்னால் போன சில குடும்பங்கள் அதற்குப் பிறகு நம் சபைக்கு வரவே இல்லை. கட்டு அவிழ்த்த நாளில் எலும்பு கூடியிருந்தது. நடையில் மட்டும் லேசான தாங்கல். அது அவிசுவாசத்துக்குக் கிடைத்த தண்டனை என்று அவர்கள் சொல்லித் திரிந்தார்கள். சொல்லட்டும். அந்தக் காலோடுதான் நகரி வரைக்கும் போய் ஊழியம் செய்தீர்கள்.

அன்று எல்லாரும் போன பிறகு உங்கள் கையைப் பிடித்தேன். சில்லிட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயமே இல்லாத மாதிரி பேசினீங்களே" என்றேன்.

"பயந்துக்கினுதான் இருந்தேன். உள்ள கூடுதா, சீழ் புடிக்குதான்னு எனக்கு மட்டும் இன்னா தெரியும்? தெரிஞ்சுட்டா அப்புறம் இன்னாத்துக்கு நம்புறது?"

உங்களைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து, "அவரு கர்த்தர்கிட்ட இருக்காரு, பயப்படாதீங்க" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். பயப்படாமல் எப்படி இருப்பது? நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நான் போய்ப் பார்த்தேனா? உங்கள் பேரைச் சொல்லி ஜெபிக்க உட்கார்ந்தால் இப்போது என் கை நடுங்குகிறது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, ஆமென் சொல்கிறேன்.